மூலநிரலிலிருந்து நிறுவிய ஹார்ஃப்பஸ் இருக்க, பழைய பதிப்பு ஏன் ஓடுகிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான். உபுண்டு 22.04-இல் ஒருவர் சின்ன சி நிரல் ஒன்று எழுதுகிறார். தமிழ் எழுத்துகளின் வெளிக்கோட்டை எடுத்து எஸ்விஜி படமாக வரைய வேண்டும். அதற்கு, எழுத்துருவிலிருந்து சரியான எழுத்து வடிவங்களைத் தேர்ந்து அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் லைப்ரரியில் உள்ள ஹெச்பி_ஃபான்ட்_டிரா_கிளிஃப் என்ற ஃபங்ஷன் தேவை. அது 7.0 பதிப்பில்தான் வந்தது, உபுண்டு 22.04 தருவதோ 2.7.4. அதனால் 8.3.0-இன் மூலநிரலை இறக்கி, மெசான் என்ற கட்டும் கருவியை வைத்துக் கட்டி, சூடோ போட்டு (அதாவது நிர்வாகி அனுமதியோடு) நிறுவியிருக்கிறார். நிரல் ஒரு புகாரும் இல்லாமல் கம்பைல் ஆகிறது. ஓட்டினால் மட்டும் ‘சிம்பல் லுக்அப் எரர், அன்டிஃபைன்ட் சிம்பல்’ என்று அதே ஃபங்ஷனின் பெயரைச் சொல்லி நின்றுவிடுகிறது. லைப்ரரியை மறுபடி கட்ட வேண்டுமா என்று கேட்கிறார்.

நீங்கள் கட்டியதில் எந்தக் கோளாறும் இல்லை. லைப்ரரி சரியாகவே கம்பைல் ஆகி, உரிய இடத்தில்தான் இருக்கிறது. ‘சூடோ எல்டிகான்ஃபிக்’ என்று ஒரு தடவை அடித்தால் உங்கள் நிரல் இப்போதே ஓடும். ஆனால் அடிப்பதற்கு முன் மீதியையும் படித்துவிடுங்கள். அந்த ஒரு வரி உங்கள் நிரலை மட்டும் தொடுவதில்லை, மொத்த டெஸ்க்டாப்பையும் தொடும்.

ஒரு லைப்ரரியைப் பயன்படுத்தும் நிரல் அந்த லைப்ரரியை மூன்று தடவை தேடுகிறது. மூன்று தேடலையும் செய்வது வெவ்வேறு ஆட்கள், அவர்கள் பார்க்கும் இடங்களும் வேறு. முதலில் கம்பைலர் ஹெட்டர் கோப்புகளைத் தேடும். அடுத்து லிங்கர், நீங்கள் கூப்பிடும் ஃபங்ஷன்கள் உண்மையிலேயே அந்த லைப்ரரிக்குள் இருக்கின்றனவா என்று பார்க்க, கம்பைல் ஆன லைப்ரரியான .எஸ்ஓ கோப்பைத் தேடும். இந்த இரண்டுக்கும் வழி காட்டுவது பெரும்பாலும் பிகேஜி-கான்ஃபிக். உபுண்டுவிலும் டெபியனிலும் அது யூஎஸ்ஆர்-லோக்கல் அடைவை முதலில் பார்க்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் நீங்கள் நிறுவிய 8.3.0 உடனே அதன் கண்ணில் பட்டது, கம்பைலும் லிங்கும் சிக்கலில்லாமல் முடிந்தன.

மூன்றாவது தேடல் நிரலை ஓட்டும்போது நடக்கிறது. அதைச் செய்வது டைனமிக் லோடர். அதற்கு பிகேஜி-கான்ஃபிக் பற்றி எதுவும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் வட்டு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தால் தாமதமாகும் என்பதால், இடிசி அடைவில் எல்டி.எஸ்ஓ.கேஷ் என்றொரு கோப்பு வைத்திருக்கிறார்கள். எந்தப் பெயருள்ள லைப்ரரி எந்தப் பாதையில் இருக்கிறது என்ற பட்டியல் அது. லோடர் அதைத்தான் பார்க்கும். அதைப் புதுப்பிக்கிற கட்டளைதான் எல்டிகான்ஃபிக். உபுண்டு 22.04 தரும் மெசான் நிறுவும்போது கோப்புகளைப் போட வேண்டிய இடத்தில் போடும், அதோடு சரி. இந்தப் பட்டியலைத் தொடாது. ஆகவே உங்கள் பட்டியலில் இன்னமும் பழைய 2.7.4-இன் பாதைதான் இருக்கிறது.

பழைய ஆட்டோடூல்ஸ் முறையில் ‘மேக் இன்ஸ்டால்’ அடித்தவர்கள் கடைசியில் ஒரு நீளமான அறிவிப்பைப் பார்த்திருப்பார்கள். ‘லைப்ரரிகள் இன்ன இடத்தில் நிறுவப்பட்டுள்ளன’ என்று தொடங்கி, எல்டி_லைப்ரரி_பாத், ஆர்பாத், எல்டி.எஸ்ஓ.கான்ஃப் என்று வழிகளை அடுக்கும். பலரும் அதைப் படிக்காமல் தாண்டிப் போவார்கள். ஆனால் இன்றைக்கு உங்களுக்கு வந்திருக்கிற சிக்கலுக்கான எல்லா மருந்தும் அந்த அறிவிப்பில் இருக்கிறது. மெசான் அதைக் காட்டுவதில்லை. எனக்கு மெசான் மிகவும் பிடிக்கும், இருந்தாலும் இது ஒரு குறைதான்.

சரி, லைப்ரரி கிடைக்கவில்லை என்று லோடர் நேரடியாகச் சொல்லியிருக்கலாமே, ஏன் இப்படி ஃபங்ஷன் பெயரைச் சொல்லிக் குழப்புகிறது? காரணம் சோநேம். ஒவ்வொரு .எஸ்ஓ கோப்புக்குள்ளும் அதன் ‘அழைக்கும் பெயர்’ ஒன்று எழுதப்பட்டிருக்கும். ஹார்ஃப்பஸ் விஷயத்தில் அது லிப்ஹார்ஃப்பஸ்.எஸ்ஓ.0. உங்கள் உபுண்டுவில் வட்டில் இருக்கும் உண்மையான கோப்பின் பெயர் லிப்ஹார்ஃப்பஸ்.எஸ்ஓ.0.20704.0, 2.7.4 என்ற பதிப்பு எண் அதற்குள் தெரிவதைக் கவனியுங்கள். லோடருக்கு அந்த வால் தேவையில்லை, எஸ்ஓ.0 வரைக்கும் பெயர் பொருந்தினால் போதும். ஹார்ஃப்பஸ் குழுவினர் பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாது என்பதில் மிகக் கவனமானவர்கள். பழைய ஃபங்ஷன்களை எடுப்பதில்லை, புதியவற்றைச் சேர்க்க மட்டுமே செய்கிறார்கள். ஆகவே 2.7.4-இலும் 8.3.0-இலும் சோநேம் ஒன்றேதான். உங்கள் நிரல் ‘எஸ்ஓ.0 வேண்டும்’ என்று கேட்டது, லோடர் பழையதைக் கொடுத்துவிட்டது, பெயர் பொருந்தியதால் யாரும் தடுக்கவில்லை. உள்ளே போய்ப் புதிய ஃபங்ஷனைத் தேடியபோதுதான் அது இல்லை என்று தெரிந்தது.

அந்தப் புதிய ஃபங்ஷனை மட்டும் நீங்கள் கூப்பிடாமல் இருந்திருந்தால் இது இன்னும் மோசமாகியிருக்கும். பிழைச் செய்தியே வந்திருக்காது. 8.3.0-ஐப் பயன்படுத்துவதாக நினைத்துக்கொண்டு 2.7.4-ஐ ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். இதைக் கண்டுபிடிக்க ஹார்ஃப்பஸிலேயே நல்ல வழி இருக்கிறது. ஹெச்பி_வெர்ஷன்_ஸ்ட்ரிங் என்பது பெரிய எழுத்தில் ஒரு மேக்ரோவாகவும், சிறிய எழுத்தில் ஒரு ஃபங்ஷனாகவும் இருக்கிறது. மேக்ரோ, கம்பைல் ஆனபோது பார்த்த ஹெட்டரின் பதிப்பைச் சொல்லும். ஃபங்ஷன், இப்போது நினைவகத்தில் ஏறியிருக்கும் லைப்ரரியின் பதிப்பைச் சொல்லும். இரண்டையும் ஒரே பிரின்ட்எஃப் வரியில் அச்சிட்டுப் பாருங்கள். உங்கள் கணினியில் இப்போது முதலாவது 8.3.0 என்றும் இரண்டாவது 2.7.4 என்றும் வரும். மூலநிரலிலிருந்து எந்த லைப்ரரியைக் கட்டினாலும் நான் முதலில் செய்வது இந்தச் சோதனைதான். இசட்லிப், எஸ்க்யூலைட் போன்ற பல லைப்ரரிகளிலும் இதே ஜோடி உண்டு.

இனி, எல்டிகான்ஃபிக் அடிக்கும் முன் ஏன் யோசிக்கச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். உபுண்டுவின் அமைப்பில் யூஎஸ்ஆர்-லோக்கல் பாதைகள் கணினியின் சொந்தப் பாதைகளுக்கு முன்னால் வரும். பட்டியலைப் புதுப்பித்த அந்த நொடியிலிருந்து, எஸ்ஓ.0 கேட்கிற எல்லா நிரல்களும் நீங்கள் கட்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். பாங்கோ, ஜிடிகே வழியாகத் திரையில் எழுத்து வரையும் அத்தனையும் இதில் அடக்கம். பதிப்பு புதியது என்பதால் பெரும்பாலும் ஓடும். ஆனால் உபுண்டு கட்டுவதும் நீங்கள் கட்டுவதும் ஒரே தெரிவுகளோடு அல்ல. எடுத்துக்காட்டாக, உபுண்டு தன் ஹார்ஃப்பஸை கிராஃபைட்2 என்ற எழுத்துருத் தொழில்நுட்பத்தின் ஆதரவோடு கட்டுகிறது; மூலநிரலில் அந்தத் தெரிவு இயல்பாக அணைந்திருக்கும். நூல் பக்கங்களை அடுக்கும் ஸீடெக் நிரல், ஹார்ஃப்பஸிடம் கிராஃபைட்2 தொடர்பான ஒரு ஃபங்ஷனைக் கேட்கும். உங்கள் லைப்ரரியில் அது இருக்காது. தமிழ் நூல்களை ஸீடெக்கில் அடுக்குகிறவராக நீங்கள் இருந்தால், நேற்று வரை நன்றாக ஓடியது இன்று ‘அன்டிஃபைன்ட் சிம்பல்’ என்று நிற்கலாம். உங்கள் எஸ்விஜி நிரலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று அந்த நேரத்தில் தோன்றவே தோன்றாது.

இன்னொன்று. நீங்கள் எல்டிகான்ஃபிக் அடிக்காவிட்டாலும் ஒருநாள் அது தானாக நடந்துவிடும். உபுண்டுவின் பேக்கேஜ் நிறுவியான ஏப்ட் ஏதாவதொரு லைப்ரரியைப் புதுப்பிக்கும்போது கடைசியில் ‘லிப்சி-பின்னுக்கான டிரிக்கர்கள்’ என்று ஒரு வரி ஓடும். அது எல்டிகான்ஃபிக்கைத்தான் ஓட்டுகிறது. ஒன்றுமே செய்யாமல் சிக்கல் தானாகச் சரியாகிவிட்டது என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒன்றுமே செய்யாமல் வேறொன்று கெட்டுப்போனது என்று சொல்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே என் யோசனை, இப்போது நிறுவியதை எடுத்துவிட்டு உங்கள் ஹோம் அடைவுக்குள் தனி இடத்தில் நிறுவுவது. எடுப்பதற்கு, முன்பு கட்டிய அதே பில்ட் அடைவுக்குள் போய் ‘சூடோ நிஞ்ஜா அன்இன்ஸ்டால்’ என்று அடியுங்கள். எந்தெந்தக் கோப்புகளை எங்கே வைத்தோம் என்ற பதிவை மெசான் அந்த அடைவுக்குள்தான் வைத்திருக்கிறது. அந்த அடைவை அழித்திருந்தால், அதே மூலநிரலை அதே தெரிவுகளோடு மறுபடி நிறுவி, அதன் பிறகு அன்இன்ஸ்டால் செய்யலாம். கையால் ஒவ்வொன்றாக அழிப்பதைவிட அது நம்பகமானது. எப்படி எடுத்தாலும் கடைசியில் ஒரு தடவை எல்டிகான்ஃபிக் அடித்து, பட்டியலில் மிச்சம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது புதிதாகக் கட்டுவோம். உபுண்டுவில் பில்ட்-எசென்ஷியல், மெசான், நிஞ்ஜா-பில்ட், பிகேஜி-கான்ஃபிக் ஆகிய பேக்கேஜ்கள் வேண்டும். மூலநிரலை ஹார்ஃப்பஸின் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து, அவர்களே ஏற்றியிருக்கும் டார்.எக்ஸ்இசட் கோப்பாக எடுங்கள். கிட்ஹப் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தானாக உண்டாக்கும் ஜிப் கோப்பு அது அல்ல. ஹார்ஃப்பஸுக்கு இரண்டில் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். வேறு பல திட்டங்களில் தானாக உண்டாகும் ஜிப்பில் கான்ஃபிகர் ஸ்கிரிப்டும் இருக்காது, சப்மாட்யூல்களும் இருக்காது.

அதற்காக வெளியீட்டுக் கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள் என்றும் சொல்ல மாட்டேன். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிப்படுத்திய, கோப்புச் சுருக்கும் கருவியான எக்ஸ்இசட்டின் பின்கதவு நினைவிருக்கும். 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டுக் கோப்பில் மட்டும், கிட் களஞ்சியத்தில் இல்லாத ஒரு வரித்துணுக்கு பில்ட் ஸ்கிரிப்டுக்குள் சேர்க்கப்பட்டிருந்தது. கம்பைல் செய்யும்போது அது வேலையைத் தொடங்கியது. மூலநிரலைக் கட்டுவது என்றாலே அடுத்தவர் எழுதிய ஸ்கிரிப்டை உங்கள் அனுமதிகளோடு ஓட்டுவதுதான். அதனால் கட்டும் எந்தப் படியிலும் சூடோ போடாதீர்கள். ஹோம் அடைவில் நிறுவினால் கடைசிப் படிக்கும் அது தேவைப்படாது.

கோப்பை விரித்து உள்ளே போய், மெசான் செட்அப் கட்டளையோடு பில்ட் என்று ஓர் அடைவின் பெயரைக் கொடுங்கள். கூடவே மூன்று தெரிவுகள். பிரிஃபிக்ஸ் என்பதற்கு உங்கள் ஹோமுக்குள் ஹார்ஃப்பஸ்-8.3 போன்ற ஓர் அடைவின் முழுப் பாதை. லிப்டிர் என்பதற்கு வெறும் லிப். இதைக் கொடுக்காவிட்டால் உபுண்டுவில் மெசான் லிப்புக்குள் ‘எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ’ என்று இன்னொரு அடைவை உண்டாக்கி அதற்குள் வைக்கும். ஃபெடோராவில் லிப்64 என்று வைக்கும். தவறில்லை, ஆனால் பிறகு பாதைகளை அடிக்கும்போது கை தடுமாறும். மூன்றாவது, பில்ட்டைப் என்பதற்கு ரிலீஸ்.

செட்அப் முடிந்ததும் திரையில் ஒரு சுருக்கம் வரும். அதை நிதானமாகப் படியுங்கள், முழு வேலையிலும் அதிகப் பயன் தருவது அந்தப் பத்து இருபது வரிகள்தான். ஹார்ஃப்பஸ் சேர்த்துக்கொள்ளக்கூடிய மற்ற லைப்ரரிகளான ஜிலிப் இருக்கிறதா, கெய்ரோ இருக்கிறதா, ஃப்ரீடைப் இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கும். ஹார்ஃப்பஸில் இவற்றில் பெரும்பாலானவை ‘ஆட்டோ’ நிலையில் இருக்கின்றன. கிடைத்தால் சேர்த்துக்கொள்ளும், கிடைக்காவிட்டால் பிழை எதுவும் சொல்லாமல் விட்டுவிடும். ‘கட்டி முடித்தேன், ஆனால் ஹெச்பி-வியூ கருவியைக் காணவில்லை’ என்று வருகிற கேள்விகளுக்குப் பெரும்பாலும் இதுவே விடை. எழுத்து வடிவங்களைப் பட்டியலாகக் காட்டும் ஹெச்பி-ஷேப்புக்கு ஜிலிப் வேண்டும், அவற்றைப் படமாக வரையும் ஹெச்பி-வியூவுக்குக் கூடுதலாகக் கெய்ரோவும் வேண்டும். உபுண்டுவில் லைப்ரரி இருந்தால் மட்டும் போதாது, பெயரின் கடைசியில் ‘-டெவ்’ என்று வரும் பேக்கேஜும் வேண்டும். ஹெட்டர்களும் பிகேஜி-கான்ஃபிக் கோப்பும் அதற்குள்தான் இருக்கும். ஃபெடோராவில் அதே பொருள் ‘-டெவெல்’ என்று முடியும். ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும் என்றால் அந்தத் தெரிவை ‘எனேபிள்ட்’ என்று கொடுங்கள். கிடைக்காவிட்டால் செட்அப் அங்கேயே நிற்கும், காரணமும் சொல்லும்.

உங்கள் நிரலுக்கு ஃப்ரீடைப் தேவையில்லை. எழுத்துருவின் வெளிக்கோட்டை ஹார்ஃப்பஸ் தானே படிக்கும். ஃப்ரீடைப்பையும் மூலநிரலிலிருந்தே கட்ட நினைப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: அது ஹார்ஃப்பஸைக் கேட்கும், ஹார்ஃப்பஸ் அதைக் கேட்கும். முதலில் ஹார்ஃப்பஸ் இல்லாமல் ஃப்ரீடைப், அடுத்து ஃப்ரீடைப்போடு ஹார்ஃப்பஸ், அப்புறம் ஹார்ஃப்பஸோடு மறுபடி ஃப்ரீடைப் என்று கட்டுவதுதான் வழக்கம்.

அடுத்து மெசான் கம்பைல். ஹார்ஃப்பஸ் பெரிய திட்டம் இல்லை, சாதாரண மடிக்கணினியிலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மெசான் டெஸ்ட்டையும் ஓட்டுங்கள். பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். நிறுவுவதற்கு முன்பே லைப்ரரி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது.

கண்ணால் பார்க்க வேண்டுமா? பில்ட் அடைவுக்குள் யூட்டில் என்ற அடைவில் ஹெச்பி-ஷேப் இருக்கும். அதற்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துருக் கோப்பையும் ‘கொ’ என்ற எழுத்தையும் கொடுத்துப் பாருங்கள். யூனிகோடில் அது இரண்டு குறியீடுகள்: ககரமும் ஒகர உயிர்க்குறியும். வெளியே வருவது சதுர அடைப்புக்குள் மூன்று வடிவங்கள், நடுவில் செங்குத்துக் கோடுகள்: ஒற்றைக்கொம்பு, ககரம், கால். கொம்பு ககரத்துக்கு முன்னால் வந்துவிட்டது. மூன்றின் பக்கத்திலும் ‘=0’ என்று ஒரே எண் இருக்கும்; மூன்றும் ஒரே எழுத்திலிருந்து பிறந்தவை என்பதற்கான அடையாளம் அது. அதற்கடுத்த கூட்டல் குறிக்குப் பின் வரும் எண், பேனா எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பது. உங்கள் எஸ்விஜி நிரலில் ஒவ்வொரு வெளிக்கோட்டையும் எங்கே வைப்பது என்று தீர்மானிக்கப் போவது இந்த எண்கள்தான்.

இங்கே ஒரு சிறு பொறி இருக்கிறது. பில்ட் அடைவுக்குள் இருக்கும் கருவிகள், நிறுவாமலேயே புதிய லைப்ரரியைக் கண்டுபிடித்துவிடும். மெசான் அவற்றுக்குள் பில்ட் அடைவின் பாதையை எழுதி வைத்திருக்கிறது. நிறுவும்போது அந்தப் பாதையை அது நீக்கிவிடும். ‘கட்டிய இடத்தில் ஓடுகிறது, நிறுவிய பிறகு ஓடவில்லை’ என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

மெசான் இன்ஸ்டால் செய்தாயிற்று. இனி உங்கள் நிரல். முதலில் பிகேஜி_கான்ஃபிக்_பாத் என்ற சூழல் மாறியில், நீங்கள் கொடுத்த பிரிஃபிக்ஸுக்குள் இருக்கும் லிப்/பிகேஜிகான்ஃபிக் அடைவைக் காட்டுங்கள். ‘பிகேஜி-கான்ஃபிக் --மாட்வெர்ஷன் ஹார்ஃப்பஸ்’ என்று அடித்தால் 8.3.0 வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள். கம்பைல் செய்யும்போது பிகேஜி-கான்ஃபிக் தரும் தெரிவுகளுக்குப் பின்னால் ஆர்பாத்தையும் சேருங்கள். கழித்தல் குறி, பெரிய டபிள்யூ, சின்ன எல், காற்புள்ளி, மறுபடி கழித்தல் குறியோடு ஆர்பாத், காற்புள்ளி, லிப் அடைவின் முழுப் பாதை. நடுவில் எங்கும் இடைவெளி கூடாது. இது லோடருக்கு நிரலுக்குள்ளேயே முகவரி எழுதிக் கொடுப்பது போல. பட்டியலைப் பார்க்கும் முன் லோடர் அந்த இடத்தைப் பார்க்கும், மற்ற நிரல்கள் எதற்கும் இது தெரியாது.

எல்டி_லைப்ரரி_பாத் மாறியாலும் இதைச் செய்யலாம். ஒரு தடவை ஓட்டிப் பார்க்க அது நல்ல கருவி. ஆனால் அதை, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதி வைக்காதீர்கள். அந்த டெர்மினலிலிருந்து தொடங்கும் எல்லா நிரல்களுக்கும் அது போய்ச் சேரும். யூஎஸ்ஆர்-லோக்கலில் நிறுவியபோது இருந்த அதே சிக்கல் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

முடிவில் சரிபார்க்க எல்டிடி கட்டளையை உங்கள் நிரலின் மேல் ஓட்டுங்கள், எஸ்ஓ.0-க்கு எதிரே உங்கள் ஹோம் அடைவின் பாதை தெரிய வேண்டும். பழையதுதான் தெரிகிறது என்றால் ரீட்எல்ஃப் கட்டளையைச் சின்ன டி தெரிவோடு ஓட்டி, ரன்பாத் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால் ஆர்பாத் தெரிவு லிங்கர் வரை போய்ச் சேரவில்லை. வரி இருந்தும் பழையது வந்தால், எல்டி_டீபக் மாறிக்கு லிப்ஸ் என்று கொடுத்து நிரலை ஓட்டுங்கள். லோடர் எந்தெந்த இடத்தில் எந்த வரிசையில் தேடியது என்பதை வரி வரியாகச் சொல்லும். முன்பு சொன்ன இரண்டு பதிப்பு எண்களும் அப்போது ஒன்றாகியிருக்க வேண்டும்.

நிரலை வேறொருவர் கணினிக்கும் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பாதை விவகாரமே வேண்டாம். செட்அப்பில் டிஃபால்ட்_லைப்ரரி என்பதற்கு ஸ்டாட்டிக் என்று கொடுத்துக் கட்டுங்கள், லிங்க் செய்யும்போது பிகேஜி-கான்ஃபிக்குக்கும் ஸ்டாட்டிக் தெரிவைக் கொடுங்கள். ஹார்ஃப்பஸ் உங்கள் நிரலுக்குள்ளேயே போய்விடும், ஓடும்போது தேட வேண்டியதில்லை.

ஆனால் ஏப்ட் வழியாக வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் நீங்கள் கட்டிய பிரதிக்கு வராது. எழுத்துருக் கோப்புகளை வெளியாட்களிடமிருந்து வாங்கிப் படிக்கிற நிரல் என்றால் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. புதிய வெளியீடு வரும்போதெல்லாம் நீங்கள்தான் பார்த்து மறுபடி கட்ட வேண்டும். அதற்காகச் செட்அப் வரியை அப்படியே ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி, மூலநிரலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கணினியை மாற்றும் எண்ணம் ஏற்கெனவே இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: உபுண்டு 24.04-இன் பேக்கேஜிலேயே ஹார்ஃப்பஸ் 8.3.0 இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய அந்த ஒரு ஃபங்ஷனுக்கு அது போதும். அங்கே லிப்ஹார்ஃப்பஸ்-டெவ் பேக்கேஜை நிறுவினால் வேலை முடிந்தது, திருத்தங்களும் ஏப்ட் வழியாகவே வரும்.